விலங்கு எப்படிச் சாகிறது? – ராட்சத விலங்குப் படங்களை ஒப்பிடுவோம்

ஒப்பீட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பலர் இரண்டு பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். "ஜப்பான் படத்துல ஆள் உடை போட்டு நடிக்கிறாரு, அமெரிக்கப் படத்துல கிராபிக்ஸ் இருக்கு. அதனால அமெரிக்கப் படம்தான் சிறந்தது." இதில் கருத்து எங்கே இருக்கிறது? நல்ல கேள்வி ஒன்றைக் கையில் எடுத்தால்தான் ஒப்பீடு நகரும். என் கேள்வி இது: விலங்கு எப்படிச் சாகிறது?

1953-இல் வந்த அமெரிக்கப் படம் 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்'. அடுத்த ஆண்டு இஷிரோ ஹோண்டா இயக்கத்தில் ஜப்பானில் வந்தது 'கோஜிரா', அதாவது நாம் அறிந்த காட்ஸில்லா. இரண்டிலும் அணுகுண்டுச் சோதனை பழங்கால விலங்கைக் கிளப்பிவிடுகிறது. அது நகரத்தை அழிக்கிறது. முதலில் வந்தது அமெரிக்கப் படம்தான் என்பதை மறைக்க வேண்டாம்.

முடிவில்தான் பாதை பிரிகிறது. அமெரிக்கப் படத்தில், விலங்கின் காயத்துக்குள் கதிரியக்கப் பொருளைச் சுட்டு அதைக் கொல்கிறார்கள். அணு கொண்டுவந்த ஆபத்தை அணுவே தீர்த்துவிடுகிறது. நாமும் நிம்மதியாக எழுந்து வரலாம். ஜப்பானியப் படத்தில் செரிசாவா என்ற விஞ்ஞானியிடம் பயங்கரமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அது தவறான கைகளுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, குறிப்புகளை எரிக்கிறார். கடலடியில் காட்ஸில்லாவோடு தானும் சாகிறார். அப்போதும் கதை முடியவில்லை. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரலாம் என்கிறார் யமானே என்ற முதிய அறிஞர்.

ஏன் இந்த வேறுபாடு? 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீது விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'கோஜிரா' வெளிவந்தது. படமே ஒரு கப்பல் பேரொளியில் அழிவதோடுதான் தொடங்குகிறது. ஹிரோஷிமா நடந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. பார்த்தவர்களுக்கு அது வெறும் கற்பனையாக இருந்திருக்குமா?

இன்னொரு சான்றும் உண்டு. 1956-இல் இதே படத்தை வெட்டி, ஓர் அமெரிக்க நிருபர் பாத்திரத்தைச் சேர்த்து அங்கே வெளியிட்டார்கள். யமானேயின் எச்சரிக்கை போய்விட்டது. ஆபத்து நீங்கியது, உலகம் இனி வாழலாம் என்ற தொனியில் படம் முடிகிறது. விலங்கு அதேதான், நகரமும் அதேதான். முடிவை மாற்றியதும் பொருளே மாறிப்போச்சு, பாருங்கள்.

ஆனால், "ஜப்பான் ஆழம், அமெரிக்கா விளையாட்டு" என்று எழுதிவிடாதீர்கள். 1962-இல் ஜப்பானிலேயே காட்ஸில்லாவும் கிங் காங்கும் மல்யுத்தம் போடும் வேடிக்கைப் படம் வந்தது. 1933-இன் அமெரிக்கக் 'கிங் காங்'கில், விலங்கு விழும்போது நமக்கு இரக்கம்தான் வருகிறது. நாட்டை நாட்டோடு அல்ல, படைப்பைப் படைப்போடு ஒப்பிடுங்கள். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' என்ற 2023-ஆம் ஆண்டு ஜப்பானியப் படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. கிராபிக்ஸ் வாதமும் அதோடு சரி.

ஆசிரியர்களே, வகுப்பில் இரண்டு படங்களின் இறுதிக் காட்சிகளை மட்டும் போட்டுக் காட்டுங்கள். மாணவர்களே, பார்த்ததும் பட்டியல் போடாதீர்கள். வெற்றிக்கு யார் விலை கொடுத்தார் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.