தேயிலைமலையும் கதை வகுப்பும்

கதை எழுதுவது கற்பிக்கத் தக்கதோ என்பது பழைய வினா. பிறவிக் கலைஞனுக்கு ஆசான் வேண்டா என்பர் ஒரு சாரார். பயிற்சியால் ஆகாதது இல்லை என்பர் மற்றொரு சாரார். மலாயாத் தமிழரிடையே இவ்வினாவுக்குச் செயலால் விடை காண முயன்றோர் இருவர் உளர். 1950-51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' இதழில் நடத்திய 'கதை வகுப்பு' அம்முயற்சியாகும்.

அவ்வகுப்புக்குக் கட்டடம் இல்லை, நாளிதழே பள்ளிக்கூடம். பத்திரிகை எட்டிய இடமெல்லாம் பாடமும் எட்டியது. கல்லூரி வாயிலை மிதியாதவரும் கதையின் அமைப்பைக் கற்க வழி பிறந்தது. பின்னாளில் இலக்கிய வரலாறு எழுதிய மா. இராமையா போன்றோர் அவ்வழியே வந்தவர்கள். தமிழகத்து இதழ்களைப் படித்து மகிழ்வதோடு நின்ற வாசகரை, 'நீரும் எழுதலாம்' என அழைத்ததே அவ்வகுப்பின் தலையாய தொண்டு.

எனினும் அதன் முறை ஆராயத் தக்கது. வகுப்பு தேர்வு வைத்தது. தேறியவரைத் தரம் பிரித்தது. இது நமக்குப் புதிதன்று. மாணாக்கரை அன்னம், பசு முதலாக நெய்யரி ஈறாகத் தலை, இடை, கடை என வகுத்தது நன்னூல். ஆனால் அதே நூல் ஆசிரியனுக்கு நான்கு உவமைகள் கூறும்: நிலம், மலை, நிறைகோல், மலர். கதை வகுப்பில் நிறைகோல் நன்கு விளங்கியது. எழுதத் தொடங்குவோனுக்கு முதலில் வேண்டுவதோ நிலத்தின் பொறுமை. உழுபவனின் முயற்சிக்கு ஏற்ப விளைவு தருவது நிலம். இன்னதை விதை என்று அது கட்டளையிடுவதில்லை.

அமைப்பைக் கற்றவன் எப்பொருளை எழுதினான் என்பது அடுத்த வினா. மலேசியத் தமிழ்க் கதையில் பால்மரக் காடு பெரும் பரப்பைக் கொண்டது. தேயிலைமலையோ அருகியே காணப்படுகிறது. 1929இல் போ தோட்டம் தொடங்கிய நாள் முதல் கேமரன் மலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். பெரட்டும் கொழுந்தும் லயமும் கங்காணியும் அவர்தம் அன்றாடச் சொற்கள். அச்சொற்களின் பின்னுள்ள வாழ்வு போதிய அளவில் கதையாகவில்லை.

பிற தேயிலை நாடுகளை நோக்கின் குறை தெளிவாகும். ஆனைமலைத் தொழிலாளர் துயரைப் பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் 1969இல் ஆங்கில நாவலாக்கினார். அது 2007இல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. அருமையான நூலே, ஆயினும் பேனா பிறர் கையில் இருந்தது. இலங்கையிலோ தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தாமே எழுதினார். 'வீரகேசரி' மலைநாட்டு எழுத்தாளருக்கென்றே சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' எனத் தொகுதியாயின. போட்டியும் நிறைகோல்தான். ஆனால் அது மலைநாட்டாரை மலைநாட்டாராகவே அழைத்தது. வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. கேமரன் மலையில் கையால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துள்ளன. வங்கதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கின்றனர். அம்மலையின் பழங்குடிகளாகிய செமாய் மக்களும் உளர். இன்று அங்கு ஓர் எழுத்துப் பயிற்சி நடத்துவோர் தமிழ் முதியவரை மட்டும் அன்றி இவர் எல்லாரையும் ஒரே பாயில் அமர்த்துதல் தகும். எழுத்தறியாதவர் சொல்ல, அறிந்தவர் எழுதிக்கொள்ளலாம். 'பெரட்டு' என்றவர் வாயில் ஏட்டுச் சொல்லைத் திணித்தல் ஆகாது. வழுக்களைதல் வேண்டும், அது கதை முழுதும் வெளிவந்த பின்னரே வேண்டும்.

பரிவு காட்டினால் தரம் தாழும் என அஞ்சுவாரும் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. புகழ்ச்சியே பாடமானால் எழுத்து வளராது. ஆனால் எழுதப்படாத கதையைத் திருத்த எவராலும் இயலாது. முதலில் நிலம், பின்னர் நிறைகோல். இவ்வரிசை மாறினால் வகுப்பில் தேர்ச்சி இருக்கும். மலையின் கதை இராது.