பீரோவின் பூர்வீகம்

திண்டிவனத்துக் கவிஞர் ஒருவர் தம் கையெழுத்துப் பிரதியில் 'பீரோ' என்ற வார்த்தையை அடித்துவிட்டுப் 'பேழை' என்று திருத்தியிருந்தார். கல்யாணமாகி வந்த பெண், இரும்புக் கதவைத் திறந்து தாய்வீட்டுப் புடவையைத் தேடுகிற கவிதை. ஏன் திருத்தினீர்கள் என்றதற்கு, பிரெஞ்சு வார்த்தை, பாண்டிச்சேரிச் சரக்கு என்றார். பேழையில் நோவா மிதக்கலாம்; அடகுச்சீட்டும் பாச்சையுருண்டையும் அதற்குள் இராது.

பிரெஞ்சில் இந்த வார்த்தைக்கு மூலம் ஒரு முரட்டுக் கம்பளித் துணி. கணக்கு எழுதும் மேஜைமேல் அதை விரித்தார்கள். துணியின் பெயர் மேஜைக்கு ஆயிற்று, மேஜையின் பெயர் அறைக்கு, பிறகு அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் அலுவலகத்துக்கு. 18ஆம் நூற்றாண்டில் வான்சான் த கூர்னே இதோடு ஒரு கிரேக்க ஒட்டைச் சேர்த்து, மேஜைகளின் ஆட்சி என்ற பொருளில் கேலியாக ஒரு வார்த்தை செய்ததாகச் சொல்வார்கள். நாம் அதை 'அதிகாரவர்க்கம்' என்று கனமாக மொழிபெயர்த்ததில் கேலி செத்துவிட்டது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் போன பீரோ, அங்கே இழுப்பறை வைத்த எழுதுமேஜை. அமெரிக்காவில் துணி வைக்கிற இழுப்பறைப் பெட்டி. நம்மிடம் ஆளுயர அலமாரி. (அலமாரி போர்த்துக்கீசியம். அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.)

பாண்டிச்சேரிச் சரக்கு என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒலி கவிஞர் பக்கம் இருக்கிறது: ஆங்கிலேயன் சொல்வது 'ப்யூரோ', பிரெஞ்சு உயிர்தான் நம் காதில் 'பீ'க்கு அருகே விழுகிறது. ஆனால் தெலுங்கிலும் இதே சாமான் 'பீருவா'. அங்கே பிரெஞ்சுக்காரர் கடைசிவரை ஆண்டது ஏனாம் ஒன்றைத்தான். அந்தச் சிற்றூரா தெலுங்கு நாடு முழுவதற்கும் வார்த்தை வழங்கியிருக்கும்? சென்னை ராஜதானியின் கச்சேரிகளில், இரு மொழிக் குமாஸ்தாக்களும் ஒரே மரச்சாமானைப் பார்த்துச் சொல்லிப் பழகியது என்றே எனக்குப் படுகிறது. 'சொல்தா'தான் அசல் புதுவைச் சொல். பிரெஞ்சுப் படையில் இருந்தவர். விழுப்புரத்திலிருந்து 1879இலேயே புதுவைக்கு ரயில் ஓடியும், அது தமிழ்நாட்டில் பொதுவழக்காகவில்லை.

1923இல் கோத்ரெஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிற்று. பின்னாளில் அது சீர்வரிசைச் சாமானாகி, பீரோ என்றாலே இரும்பு என்றாயிற்று. கவிதையில் அந்தப் பெண் திறப்பது அந்த இரும்பைத்தான். கம்பளித் துணியையோ துய்ப்ளேக்ஸையோ அல்ல. மூலம் பார்த்து வார்த்தையை விலக்கினால் கதவின் சத்தமும் போய்விடுகிறது. ஊர்ப்பெயரே 'திந்திரிணி வனம்', வடமொழிப் புளியங்காடு என்கிறார்கள். கையெழுத்துக்குக் கீழே அதை அவர் அடிக்கவில்லை.

'பீரோ' என்று மறுபடி எழுதிப் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சம்மதித்தால் அடுத்த இதழில் வரும்.