ரோஜா ‘நீ’ என்று சொன்னபோது

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரே கதையை இரண்டு மொழியில் ருசிக்கும் யோகம் உண்டு. வகுப்பில் ‘லெ பெத்தி பிரேன்ஸ்’, வீட்டில் ‘குட்டி இளவரசன்’. அந்த்வான் து செந்த் எக்சுபெரியின் இந்தப் புத்தகம் 1943இல் நியூயார்க்கில் வெளிவந்தது. புதுச்சேரிக்காரரான மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் சேர்ந்து பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர, க்ரியா 1981இல் வெளியிட்டது.

நேராக வந்தது நல்லதாயிற்று. ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்திருந்தால் ஒரு சரக்கு வழியிலேயே உதிர்ந்திருக்கும்: மரியாதைப் பன்மை.

தமிழின் நீ, நீங்கள் போல பிரெஞ்சிலும் ‘தூ’, ‘வூ’ உண்டு. சகாராவில் இன்ஜின் பழுதாகி நிற்கும் விமானியிடம் ஆடு வரைந்து தரச் சொல்லும் குட்டி இளவரசன், தயவுசெய்து என்பதை ‘வூ’வில் ஆரம்பித்து, வரைந்து கொடு என்பதற்குள் ‘தூ’வுக்கு வழுக்கிவிடுகிறான். அந்தக் குழந்தைத்தனம் ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’வில் காணாமல் போகிறது.

ரோஜா விஷயம் இன்னும் நுட்பம். பி-612 என்ற அவன் சிறுகோளில் பூத்த அவளிடம் இருப்பது நான்கு முள், நிறைய பிகு. காற்றுக்குத் தட்டி வேண்டும், ராத்திரிக்குக் கண்ணாடி மூடி வேண்டும், எல்லாம் ‘நீங்கள்’தான். அவனும் ‘நீங்கள்’தான். மனம் கசந்து அவன் கிளம்பும் காலையில், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்கும்போது, முட்டாளாக இருந்துவிட்டேன், மன்னித்துவிடு என்கிறாள். முதல்முறையாக ‘நீ’. கோபத்தில் “துரை சாப்பிட வர்றீங்களா?” என்று கேட்டு, தணிந்ததும் “வாடா” என்னும் அம்மாவிடம் வளர்ந்த காதுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

சாவைச் சொல்லும் விதமும் அப்படித்தான், நுட்பம். 1950இல் வந்த சி.எஸ். லூயிஸின் நார்னியா கதையில் சிங்கம் பலியாகி உயிர்த்தெழுகிறது. கிறிஸ்தவப் பொருள் வெளிப்படையாகவே தெரியும். குட்டி இளவரசனில் அப்படிப் போதனை எதுவும் முன்னால் வந்து நிற்பதில்லை. பாம்புக்கடியில் ஊர் திரும்பப்போகும் இளவரசன், இந்த உடம்பு கழற்றிப்போட்ட பழைய கூடு மாதிரி, அதற்காக அழாதே என்கிறான். கூட்டைத் தனியே விட்டுப் பறவை பறப்பதைத் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் பார்த்தவர்களுக்கு இது சொந்த ஊர்ச் சங்கதி. வள்ளுவர் அங்கே பறவையோடும் கூட்டோடும் நிறுத்திக்கொள்கிறார். எக்சுபெரி, பின்னால் தங்கிவிட்டவனின் தவிப்பையும் எழுதுகிறார்.

1944 ஜூலை 31 அன்று வேவு பார்க்கப் பறந்த எக்சுபெரியும் திரும்பவில்லை.

கதை முடியும் இடத்தில் விமானிக்கு ஒரு சின்னக் கவலை. ஆட்டுக்கு வாய்ப்பூட்டு வரைந்தவன், அதைக் கட்ட வார் வரைய மறந்துவிட்டான். ஆறு வருடமாக வானத்தைப் பார்த்தபடி யோசிக்கிறான். புத்தகத்தை மூடும் பிள்ளையும் அதையேதான் கேட்கும்: “அப்ப ஆடு ரோஜாவத் தின்னுடுச்சா?”