சென்னையின் பேட்டைத் திரையரங்குகளும் அயல்மொழிப் படங்களும்

சென்னையின் பழைய திரையரங்குகளைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் கட்டடம், உரிமையாளர், திறப்பு ஆண்டு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அங்கு ஓடிய அயல்மொழிப் படங்களை யார், எப்படிப் புரிந்துகொண்டனர் என்ற கேள்வி விடுபடுகிறது. இது பெரிய குறை.

ரகுபதி வெங்கையா 1914இல் மவுண்ட் ரோடு பகுதியில் கெயிட்டி அரங்கைக் கட்டினார். பின்னர் மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் ஆகியவற்றையும் தொடங்கினார். மௌனப்படக் காலத்தில் சென்னை அரங்குகளுக்கு அமெரிக்கப் படங்கள் ஏராளமாக வந்தன. காட்சிகளுக்கிடையே தோன்றும் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் உரக்கச் சொல்ல அரங்கில் ஒருவர் இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எடி போலோவின் சாகசத் தொடர்களைக் கொண்டாட முடிந்ததில் அந்தக் குரலுக்குப் பெரும் பங்குண்டு.

1931இல் வெளியான ‘காளிதாஸ்’ திரையில் தமிழைப் பேசவைத்தது. ஆனால் திரையே பேசத் தொடங்கியதும் விளக்கம் சொல்பவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஆங்கிலப் படம் மெல்ல ஆங்கிலம் அறிந்தோரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. 1964இல் ‘கிளியோபாட்ரா’வுடன் திறக்கப்பட்ட சஃபையர் போன்ற பெரிய அரங்குகளே பிற்கால நினைவுக் கட்டுரைகளில் இடம்பிடித்தன.

இவற்றை மட்டும் படிப்பவர், அயல்மொழிப் படம் எப்போதுமே படித்தவர்களின் ரசனையாக இருந்தது என்று எண்ணக்கூடும். கிரவுனிலும் குளோபிலும் படம் பார்த்த முதல் தலைமுறை அந்த எண்ணத்துக்கு மறுப்பு. திரையரங்க வரலாறு அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.