பிளவக்கல் தேங்காயும் பிலிப்பைன்ஸ் ஆய்வும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மூன்று ஊர்லயும் இப்போ மரச்செக்குக் கடைகள் பெருகிவிட்டன. அங்கே எண்ணெயோடு கொடுக்கும் துண்டுத்தாள்கள் நாலைந்து என்னிடம் சேர்ந்திருக்கின்றன. கடை வேறு, அச்சகம் வேறு. தேங்காய் எண்ணெய் பற்றிய பத்தி மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளவக்கல் பாசனத்தில் விளைந்த தென்னை, தோலுக்கு ஈரப்பதம் தரும், வைட்டமின் ஈ நிறைந்தது, வெயிலிலிருந்து காக்கும், குழந்தைகளின் கரப்பானைக் குணமாக்கும், கடைசியாக "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது". இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எந்த ஆய்வு? யார் தோலில்? எந்த எண்ணெயை வைத்து?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: பிளவக்கல் என்பது மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், வத்றாப்புக்கு மேற்கே, பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள் சேர்ந்த இடம். இந்தப் பெரியாறு முல்லைப் பெரியாறு இல்லை. அணைக்குக் கீழே வயலும் தென்னந்தோப்பும்தான். அந்தக் காய் நல்ல காய், அதில் எனக்குச் சண்டை இல்லை.

தேங்காய் எண்ணெயும் தோலும் என்று தேடினால் எல்லாரும் கடைசியில் போய் நிற்கும் கட்டுரை 2004-இல் வந்தது. ஆகெரோ, வெரால்யோ-ரோவெல் என்ற இரண்டு பிலிப்பைன்ஸ் தோல் மருத்துவர்கள் எழுதியது. தோல் வறட்சி உள்ள 34 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறு பாதிக்கு மினரல் ஆயில். தினம் இரண்டு வேளை, காலில், இரண்டு வாரம். யாருக்கு எது என்று தடவியவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. தோலின் ஈரத்தையும் மேற்பரப்புக் கொழுப்பையும் கருவி வைத்து அளந்தார்கள். முடிவு: இரண்டு கூட்டத்திலும் ஈரம் கூடியது, கிட்டத்தட்ட ஒரே அளவில்.

இந்த முடிவை நம்ம ஆட்கள் பாதிதான் சொல்கிறார்கள். "தேங்காய் எண்ணெய் ஈரப்பதம் தரும் என்று நிரூபணம்" என்பது சரி. ஆனால் அதே தாளில் நாலு வரி தள்ளி, மினரல் ஆயில் பெட்ரோலியக் கழிவு, தோலை அடைத்துவிடும் என்று இருக்கும். அந்த மினரல் ஆயிலும் இதே வேலையை இதே அளவுக்குச் செய்தது என்பதுதான் ஆய்வே சொன்னது! பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட முடியாது.

இது ஏன் இப்படி என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அது ஈரத்தைக் "கொடுக்க" முடியாது. தோலின் மேலடுக்கில் இருக்கும் செத்த செல்களுக்கு இடையில் கொழுப்பு நிரம்பி இருக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காற்றிலும், தினம் சோப்பு போடுவதிலும் அது குறையும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பி, மேலே ஒரு மூடியாகவும் உட்காருகிறது. அதனால்தான் குளித்தவுடன் உடம்பு ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தடவினால் பலன் அதிகம். காய்ந்த தோலில் தடவினால் பளபளப்புதான் அதிகம்.

மினரல் ஆயிலைத் தாண்டித் தேங்காய் எண்ணெய்க்கு ஏதாவது உண்டா? உண்டு. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 2008-இல் வெரால்யோ-ரோவெல் குழு, கரப்பான் வகை எக்ஸிமா உள்ள பெரியவர்கள் 52 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் நாலு வாரம் ஒப்பிட்டது. எக்ஸிமா தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியேறி நோயைக் கிளறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய 26 பேரில் 20 பேருக்கு அது இருந்தது. முடிவில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆலிவில் 12 பேருக்கு இருந்தது 6 ஆகக் குறைந்தது. 2014-இல் இன்னொரு பிலிப்பைன்ஸ் குழு, லேசானது முதல் நடுத்தரம் வரை எக்ஸிமா உள்ள குழந்தைகள் 117 பேரிடம் எட்டு வாரம் பார்த்தது. நோயின் தீவிரத்துக்கான மதிப்பெண் மினரல் ஆயிலில் 38 சதவீதம் குறைந்தது, தேங்காய் எண்ணெயில் 68 சதவீதம். சின்ன வித்தியாசம் இல்லை இது.

(முதல் இரண்டு ஆய்விலும் இருக்கும் வெரால்யோ-ரோவெல் மணிலாவில் தோல் பராமரிப்புப் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். அதனால் ஆய்வு பொய் என்று ஆகாது. படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று எல்லாரும் காட்டும் 2003 கட்டுரையும் மாரிகோவின் ஆய்வுப் பிரிவில் இருந்து வந்ததுதான்.)

இனிதான் என் முக்கியமான புகார். இந்த மூன்று பிலிப்பைன்ஸ் ஆய்விலும் பயன்படுத்தியது வர்ஜின் தேங்காய் எண்ணெய். அதாவது பச்சைத் தேங்காயில், பெரும்பாலும் பாலில் இருந்து, எடுப்பது. நம்ம செக்குக் கடையில் கிடைப்பது கொப்பரை எண்ணெய். இரண்டும் ஒன்றில்லை. ஒரு கடையில் விவரம் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன்: "அண்ணாச்சி, இது பச்சைத் தேங்காயில ஆட்டுறதா?" அவர் சிரித்துவிட்டார். "பச்சையா ஆட்டுனா பாலுதான் தம்பி வரும், எண்ணெய் எங்க வரும்?" நூறு சதவீதம் சரியான பதில். பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது செக்கில் எண்ணெயோடு கலந்து பாலாகத்தான் நிற்கும். காயவைத்து ஈரத்தை ஆறு சதவீதம் பக்கம் இறக்கினால்தான் செக்கு எண்ணெய் விடும். அண்ணாச்சிக்குத் தன் தொழில் நன்றாகத் தெரியும். அவர் கடைத் தாளை எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

என் தொழிலில் இதற்கு நேரான ஒரு குற்றம் உண்டு: ஒரு பில்டில் ஓட்டிய டெஸ்ட் ரிப்போர்ட்டை வேறொரு பில்டோடு சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்புவது. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளலாம். ஆனால் டெஸ்ட் பண்ணியது அதை இல்லை.

ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா என்றால், என் கணிப்பு இப்படி. கொழுப்பு அமிலக் கணக்கில் இரண்டு எண்ணெய்க்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம்தான். வெறும் தோல் வறட்சிக்கு மூடி போடுகிற வேலையைக் கொப்பரை எண்ணெய் தாராளமாகச் செய்யும்; மினரல் ஆயிலே செய்ததே! ஆகவே காலில் வெடிப்பு, கையில் வறட்சி என்பவர்கள் வர்ஜின் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எக்ஸிமா உள்ள குழந்தை விஷயம் வேறு. அங்கே தோலின் தடுப்பு ஏற்கெனவே ஓட்டை. கொப்பரையோடு என்னென்ன வருகிறது என்ற கேள்வி அங்கே முக்கியமாகிறது. சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சணம் பிடிக்கும். பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவது தமிழ்நாட்டில் தெரிந்த வழக்கம்தான். செக்கு மரத்தால் ஆனதா இரும்பால் ஆனதா என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி. ஆனால் தாள்களில் மரத்தைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, களத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"சூடு படாதது" என்ற பெருமையையும் கொஞ்சம் பார்க்கணும். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தில் செனவிரத்ன குழு 2009-இல் ஒப்பிட்டுப் பார்த்தது: தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில், சூடில்லாமல் எடுத்ததைவிட பீனால் வகைப் பொருட்கள் அதிகம். சூட்டில் அவை நீரிலிருந்து எண்ணெய்க்கு நன்றாகக் கரைந்து சேர்கின்றன. இதைப் படித்ததும் எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து உருக்கெண்ணெய்தான் ஞாபகம் வந்தது. தேங்காய்ப்பாலை உருளியில் வைத்துக் காய்ச்சி, கக்கன் சிவக்கும்போது இறுத்து, பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பது. பிலிப்பைன்ஸ் ஆய்வுகளின் எண்ணெய்க்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் என்றால் இந்த உருக்கெண்ணெய்தான், செக்கெண்ணெய் இல்லை.

மற்ற பெருமைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வைட்டமின் ஈ: தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, சூரியகாந்தியில் 40-க்கு மேல். வெயில் காப்பு: 2010-இல் ராய்ப்பூரில் செய்த ஆய்வில் எஸ்பிஎஃப் 8 பக்கம் வந்தது உண்மை. ஆனால் அது ஆல்கஹாலில் கரைத்து ஒளி அளவியில் பார்த்த கணக்கு, மனிதத் தோலில் இல்லை. அதை நம்பிப் பிள்ளையை வெயிலில் விடாதீங்க.

எந்தத் தாளும் சொல்லாத பக்கம் ஒன்று இருக்கிறது. தோல் தன் தடுப்பைக் கட்டிக்கொள்ள லினோலெயிக் அமிலம் வேண்டும். 1929-இலேயே பர் தம்பதி, அது இல்லாத உணவு தின்ற எலிகளுக்குத் தோல் செதில் செதிலாக ஆனதைக் காட்டினார்கள். தேங்காய் எண்ணெயில் அது இரண்டு சதவீதம் பக்கம்தான். அந்தக் கணக்கில் சூரியகாந்தியும் நல்லெண்ணெயும் எங்கேயோ மேலே. இன்னொன்று: தேமலுக்கும் பொடுகுக்கும் பின்னால் இருக்கும் மலாசீசியா என்ற பூஞ்சை, தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. பொடுகுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும்போது செதில் அடங்கின மாதிரித் தெரியும். அடியில் விருந்து நடக்கும். முகப்பரு உள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளும் முகத்தில் போடாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு உரிமை கொண்டாடும் பாட்டில்கள் சட்டப்படி என்ன தெரியுமா? சமையல் எண்ணெய். சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோவுக்கும் நடந்த வழக்கில், 2018-இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, சிறிய பாட்டிலில் விற்றாலும் சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெயாகவே கொள்ளலாம் என்று முடித்துவைத்தது. வரிக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் உணவு உரிமம் வாங்கிய பாட்டிலைத் தோலுக்கு ஆகுமா என்று யாரும் சோதிப்பதில்லை. தோல் பற்றிய பேச்சு முழுக்கத் துண்டுத்தாளில்தான், பாட்டிலுக்கு வெளியே.

ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தம் என்ற சோதனையும் பாதிதான் உதவும். கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ நிறையக் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். பனைக்கொட்டை எண்ணெய் கலந்தால் காட்டாது. அதுவும் லாரிக் எண்ணெய்தான், அதுவும் உறையும்.

பிளவக்கல் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு, அல்லது சொந்தக்காரர் தோப்பில் காய் வாங்க முடிந்தவர்களுக்கு, வேறு வழி இருக்கிறது. கொப்பரை வழியில் லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு காய் ஆகும். பால் பிழிந்து காய்ச்சினால் அதைவிடக் கூடுதலாக. கைக்குழந்தைக்கு ஒரு மாதத்துக்கு அவ்வளவு எண்ணெய் வேண்டாம், நாலைந்து நெற்றுக் காய் போதும். அடுப்பைச் சிம்மில் வைத்து, கக்கன் கருகுவதற்குள் இறக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. நீர் வடிகிற, வெடித்த எக்ஸிமா என்றால் எந்த எண்ணெயும் வேண்டாம், டாக்டரிடம் காட்டணும். அந்த 117 குழந்தைகளில் கடுமையான எக்ஸிமா உள்ளவர்கள் கிடையாது.