கலைஞனுக்குக் கூலியா, கொடையா?

கலையைப் பற்றி நம் ஏடுகளில் வரும் கட்டுரைகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. பாடியவர் குரலைப் புகழ்வோம். ஆடியவர் திறத்தை வியப்போம். அவர் வீட்டு உலை எதனால் கொதித்தது என்று மட்டும் கேட்க மாட்டோம். கேட்டால் கலையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஓர் எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்றே நாம் கருதுகிறோம். இசை ஆகுமா, ஆகாதா என்னும் விவாதத்தை ஈண்டு நாம் தொடவில்லை. அது ஆலிம்கள் அமர்ந்து பேசவேண்டிய தனிப் பொருள். நாம் பேசப்போவது ஊதியம் பற்றி.

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் 'இஜாரா' என்னும் பாடத்தை அறிவர். வேலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். உஜ்ரத், அதாவது கூலி, இவ்வளவென்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெளிவின்றி இருப்பினும் ஒப்பந்தம் பழுதாகும். ஹதியா அப்படியன்று. அது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. அளவு கேட்க முடியாது. வராவிட்டால் வழக்காடவும் முடியாது. நம் நாட்டில் கலைஞருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாவது வகையே. பரிசில், சன்மானம், அன்பளிப்பு என்று அதற்கு அழகிய பெயர்கள் வேறு! ரமலான் இரவுகளில் தாயிரா கொட்டி நம் தெருக்களில் பாடிவந்த பக்கீர்ஷாக்களுக்கும் நாம் ஹதியாதான் கொடுத்தோம். அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் தேடிப் போனதில் வியப்பென்ன?

இவ்வழக்கத்தினின்று விலகி நின்ற ஓரிடம் சேலம். திருச்செங்கோட்டு நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஏற்காடு சாலையில் அமைந்த அந்தப் படப்பிடிப்பு நிலையத்தை அவர் ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். நடிகர், பாடலாசிரியர், வசனகர்த்தா, தச்சர் எனப் பலரும் அங்கே மாதச் சம்பளக்காரர். நேரந்தவறுவதை அவர் பொறுப்பதில்லை. 1937-இல் வெளிவந்த 'சதி அகல்யா' முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) அவற்றுள் ஒன்று. சென்னைக்கு வெளியே, ஒரு நெசவாளர் ஊரில் இது நடந்தது.

நம்மவரான கவி கா.மு. ஷெரீப் அங்குப் பணியாற்றியவர். மு. கருணாநிதியைச் சுந்தரத்திடம் அறிமுகம் செய்தவரும் அவரே என்பர். கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950) படத்துக்கு மருதகாசியும் ஷெரீபும் பாடல்கள் எழுதினர். ஷெரீபின் திரைப்பாடல்களை வைத்துச் சொல்வதானால், சொல் எளிது, சந்தம் செம்மை. தாயின் பெருமையையும் உலகோர் ஏச்சின் இழிவையும் அவர் பாடும்போது ஒரு நல்லாசிரியர் குரல் கேட்கும். காதற் பாட்டில் அக்குரல் சற்று விறைத்துக் கொள்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் திரைக்கு எழுதிய அதே கை 'ஒளி', 'தமிழ் முழக்கம்' ஆகிய இதழ்களை நடத்தியது. சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதியது. திரைப்பாட்டுக்குக் கிடைத்த உஜ்ரத் இல்லையேல், இலாபம் தராத இப்பணிகளில் எத்தனை நிறைவேறியிருக்கும்?

சம்பள முறைக்கும் குறையுண்டு. ஆலையில் நெய்த துணி நெசவாளிக்குச் சொந்தமாவதில்லை. பாட்டும் அப்படியே ஆயிற்று. கூலி ஒருமுறை, பாட்டோ தலைமுறை தலைமுறையாக வானொலியில் ஒலிக்கிறது. படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகைப் பங்கை முற்றாக எழுதிக்கொடுத்துவிட இயலாதவாறு 2012-இல்தான் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கவி ஷெரீப் 1994-இலேயே காலமாகிவிட்டார். நம் நூல்களில் முளாரபா என்று பங்குக்கும் ஒரு பாடம் உண்டு. சேலத்து ஆலை அந்தப் பாடத்தை ஓதவில்லை.

பங்கும் இன்றிக் கூலியும் இன்றிப் போன ஒருவர் கதை இங்கு நினைவுக்கு வருகிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. அலிபாபா கதை ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லை என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். அலெப்போ நகரத்துக் கிறித்தவ இளைஞர் ஹன்னா தியாப் 1709-இல் பாரிஸில் அந்துவான் கலான் என்பவருக்கு அதை வாய்மொழியாகச் சொன்னார். கலான் தம் நூலில் சேர்த்துப் புகழ் பெற்றார். சொன்னவர் பெயர் அந்நூலில் இல்லை. அரச நூலகத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த ஹன்னா, ஏமாந்து ஊர் திரும்பித் துணி வணிகரானார். கதைசொல்லிக்குத் துணிக்கடையே சோறு போட்டது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்றும் கூத்தாடும் கலைஞர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கோயில் திருவிழாக் காலத்தில் இரவுதோறும் ஆட்டம். மற்ற மாதங்களில் தறியோ, வயற்கூலியோ. ஓர் இரவுக்குப் பேசும் தொகை முழுக் குழுவுக்கும் பிரியவேண்டும். 2007-இல் அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் அமைத்தது, நல்லதே. ஆனால் உதவித்தொகையும் கொடை வகையைச் சேர்ந்ததே, கூலியன்று. 2020-இல் கொள்ளைநோயால் திருவிழாக்கள் நின்றபோது இந்த வேறுபாடு அவர்கள் அடுப்படி வரை தெரிந்தது. கூத்தைப் 'பழம்பெருங்கலை' என்று போற்றும் ஆய்வாளர்கள் ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு விழுகிறது என்பதையும் தம் நூல்களில் எழுதினால், அடுத்த தலைமுறை ஏன் ஜரிகைக் கிரீடத்தை எடுக்கவில்லை என்பது தானே விளங்கும்.

கூத்தைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. மீலாது விழாக் குழுக்கள் பந்தல்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் பேரம் பேசி, அச்சாரம் கொடுத்து, ரசீதும் வாங்குகின்றன. கீதம் பாட வருபவரிடம் மட்டும், "வாங்க பாய், பார்த்துச் செய்கிறோம்" என்கின்றனர். நள்ளிரவில் ஓர் உறை கைமாறும். உள்ளே எவ்வளவு என்பது பேருந்தில் ஏறிய பின்னரே அவருக்குத் தெரியும். பந்தலுக்கு இருக்கும் இஜாரா பாட்டுக்கு ஏன் இல்லை என்பதை அக்குழுக்களின் தலைவர்கள்தாம் சொல்லவேண்டும்.