சரியான படமும் தன் படமும்

பிலிமில் எடுத்த படம் உயர்ந்ததா, டிஜிட்டல் காமிராவில் எடுத்தது உயர்ந்ததா என்று புகைப்படக் கலையில் ஈடுபாடுள்ளவர்கள் கூடுமிடமெல்லாம் நடக்கிற வாதத்தைக் கேட்கும்போது, இரு தரப்பாரும் கருவிகளின் குணதோஷங்களை விஸ்தாரமாக எடுத்துரைத்துவிட்டு, அந்தக் கருவியை ஏந்தி நிற்பவனுடைய மனத்தை மட்டும் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு கலைஞனுக்குத் தன் கண்ணின்மேல் நம்பிக்கை பிறப்பது எவ்வாறு என்று அறிய விரும்புகிறவர்கள், அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞரான ஆன்ஸல் ஆடம்ஸின் இரண்டு படங்களை நிதானமாகப் பார்த்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, கலிபோர்னியாவின் யோசெமிட்டியில், பெரிய காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து மலையேறி, ஹாஃப் டோம் என்னும் பிரம்மாண்டமான பாறையின் முகத்துக்கு எதிரே அவர் வந்து நின்றபோது அவருக்கு வயது 25; கையில் எஞ்சியிருந்த தகடுகள் இரண்டு. முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் இதமான சாம்பல் நிறத்திலும் பாறை உள்ளபடியும் விழுந்திருக்கும், குறை சொல்ல இடமில்லை. ஆயினும் அந்தப் பாறையின் முன் தமக்குள் எழுந்த பிரமிப்பு அதில் இராது என்பது அக்கணமே அவருக்குத் தெரிந்துவிட்டதால், மிஞ்சியிருந்த ஒரே தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரைப் பொருத்தி, எஃப் 22 துவாரத்தில் 5 விநாடி ஒளி கொடுத்தார். சிவப்புக் கண்ணாடி வானத்து நீலத்தை உள்ளே விடாமல் தடுத்துவிட, ஏறக்குறையக் கருமையாகிவிட்ட ஆகாயத்தின் முன்னே பாறை ஒரு தனி ஆகிருதியோடு எழுந்து நிற்கிறது. அடிவாரத்துப் பனி கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு அதற்குப் பீடமாகிறது.

இந்த இடத்தில் அவர் கையில் ஒரு டிஜிட்டல் காமிராவைக் கொடுத்துப் பார்ப்போம். முதல் படம் விழுந்தவுடனே பின்புறத் திரை அதைக் காட்டியிருக்கும். ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் இரு ஓரங்களிலும் முட்டாமல் நடுவே நின்று, ஒளி அளவு சரிதான் என்று சாட்சி சொல்லியிருக்கும். மனத்திண்மை சற்றுக் குறைந்த ஒருவர் அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டு திருப்தியோடு மலையிறங்கியிருப்பார். சரியாக அமைந்த படத்தையும் நிராகரிக்கும் துணிவைத்தான் நான் கலைஞனுடைய தன்னம்பிக்கை என்று சொல்லுவேன்.

இரண்டாவது படத்தின் கதை வேறு விதம். 1941-ல் நியூ மெக்ஸிகோவில், மாலை நேரத்தில் காரில் சாண்டா ஃபேயை நோக்கி வந்துகொண்டிருந்த ஆடம்ஸ், ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள்மேல் சூரியனின் கடைசி வெளிச்சம் படிந்திருக்க, மேலே நிலவு எழுந்திருக்கக் கண்டு, வண்டியை நிறுத்திப் பெட்டிகளைக் குடைந்தபோது, லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நீண்ட சாதகத்தால் நினைவில் ஊறியிருந்தமையால், அதையே ஆதாரமாகக் கொண்டு கணக்கிட்டு, எஃப் 32-ல் 1 விநாடி கொடுத்தார். இன்னொரு படத்துக்காக பிலிம் சட்டத்தைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது. இங்கே டிஜிட்டல் காமிரா இருந்திருந்தால் அந்தப் பதற்றத்துக்கே இடமிருந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு ஊடகங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. நெகடிவ் பிலிமில் நிழற்பகுதிக்குப் போதிய ஒளி எட்டாவிட்டால் அங்கே சூனியந்தான். பிரகாசமான பகுதிகளையோ டெவலப் செய்யும் நேரத்தைக் குறைத்து அடக்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் சென்ஸாரில் இருட்டிலிருந்து எவ்வளவோ மீட்கலாம். வெண்மை ஒருமுறை நிரம்பி வழிந்துவிட்டால் மேகத்தின் மடிப்பு போனது போனதுதான். இவை பழக்கத்தால் கைவரும் சங்கதிகள். உண்மையான பேதம், படம் எடுப்பதற்கும் அதைப் பார்ப்பதற்கும் இடையிலுள்ள காலத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் வீதிகளைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த நேரத்து உற்சாகம் தம் மதிப்பீட்டைக் கெடுத்துவிடலாகாது என்றே பிலிமை வேண்டுமென்று நெடுநாள் கழுவாமல் வைத்திருந்தவர். டிஜிட்டல்காரர் இந்த விரதத்தைத் தாமாகவே மேற்கொள்ள வேண்டும். திரையை அணைத்து வைக்க ஒரு பொத்தான் போதும், மனம்தான் வேண்டும்.

நம்பிக்கை என்பது பிடிவாதமும் அன்று. இளமையில் பியானோ வித்துவானாக விரும்பிய ஆடம்ஸ், நெகடிவை ஸ்வரக் குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர். ஹெர்னாண்டெஸ் நெகடிவின் கீழ்ப்பகுதியை 1948-ல் ரசாயனத்தால் செறிவூட்டினார். ஆரம்பப் பிரிண்டுகளின் வானத்தில் மெல்லிய மேகத் தீற்றல்கள் தெரிய, பிற்காலத்தவற்றில் அவ்வானம் கன்னங்கரேலென்று ஆழ்ந்துவிட்டது. இருட்டறையிலேயே ஆயுளைக் கழித்த அதே மனிதர், 1984-ல் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், வரப்போகும் மின்னணுப் படத்தை ஆவலோடு எதிர்பார்த்து எழுதியும் வைத்தார். கருவி மாறினால் தம் பார்வை பறிபோய்விடும் என்று அஞ்சாதவருக்கே அப்படி வரவேற்க மனம் வரும். ஆகவே, எந்தக் காமிரா வாங்கலாம் என்று ஆலோசனை கேட்கும் இளைஞர்களுக்கு, கைக்கு எட்டியதை வாங்குங்கள், ஆனால் பிசகின்றி வந்துவிட்ட ஒரு படத்தை ‘நான் கண்டது இதுவன்று’ என்று ஒதுக்கிவைக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்லி வருகிறேன்.